ஒரு பட்டன், மூன்று வேலை

"அமுக்கினா பாடுது. திரும்ப அமுக்கினா நிக்குது. இன்னொரு தடவை அமுக்கினா அணைஞ்சே போயிடுது. எல்லாம் ஒரே பட்டன்தான். இது என்ன கணக்குடா?"

சித்தப்பா சட்டைப்பையிலிருந்து எடுத்து டீ கிளாசுக்குப் பக்கத்தில் வைத்தது தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு மியூசிக் பிளேயர். பின்பக்கம் கிளிப். முன்பக்கம் நடுவில் ஒரு பட்டன், அதைச் சுற்றி நான்கு. திரை கிடையாது. காலையில் நடக்கப் போகும்போது கேட்கட்டும் என்று மகன் பாட்டு ஏற்றிக் கொடுத்திருக்கிறான். கூடவே வந்த காகிதத்தில் பொடி எழுத்தில் என்னவோ அச்சடித்திருந்தது. அதை யாரும் படித்ததாகத் தெரியவில்லை.

"மூணு தடவையும் ஒரே மாதிரியா அமுக்கினீங்க, சித்தப்பா?"

"ஒரே மாதிரிதான்."

ஒரே மாதிரி இல்லை. மூன்றாவது தடவை கோபத்தில் அமுக்கியிருக்கிறார். விரல் பட்டன்மேல் இரண்டு மூன்று விநாடி தங்கிவிட்டது. பெட்டிக்குக் கோபம் தெரியாது, விநாடி தெரியும்.

இந்தச் சின்னப் பெட்டிகளைப் பழகுவதில் உள்ள சிக்கலெல்லாம் இங்கேதான். பட்டன்மேல் போட்டிருக்கும் முக்கோணத்தையும் கோட்டையும் பார்த்து அதன் வேலையைத் தெரிந்துகொள்ள முயல்கிறோம். படம் பாதியைத்தான் சொல்கிறது. எவ்வளவு நேரம் அமுக்குகிறோம், எத்தனை தடவை அமுக்குகிறோம் என்பதில் மீதி ஒளிந்திருக்கிறது. அதை எந்தப் பட்டன்மேலும் எழுதியிருக்க மாட்டார்கள்.

டேப் ரிக்கார்டரில் பழகிய விரலுக்கு இது புரியாததில் வியப்பில்லை. அந்தப் பெட்டியில் பிளே கட்டையை அழுத்தினால், உள்ளே ஹெட்டும் ரப்பர் உருளையும் நகர்ந்து போய் டேப்பின்மேல் உட்காரும். அந்தக் காலத்துச் சாதாரணப் பெட்டிகளில் அதைத் தள்ளியது மின்சாரம் இல்லை, உங்கள் விரல்தான். அதனால் அழுத்திதான் ஆக வேண்டும். அழுத்திய கட்டை உள்ளே போய் அப்படியே நிற்கும். பாடுகிறதா, நிற்கிறதா என்று இருட்டிலும் தடவிப் பார்த்துச் சொல்லிவிடலாம்.

1979 ஜூலை 1 அன்று சோனி ஜப்பானில் விற்பனைக்கு விட்ட முதல் வாக்மேனும் இந்த வம்சம்தான். டிபிஎஸ்-எல்2 என்று பெயர், விலை 33,000 யென். அதில் இரண்டு பேர் சேர்ந்து கேட்க இரண்டு ஹெட்போன் துளைகள் வைத்திருந்தார்கள். சேர்ந்து கேட்பவர்கள் நடுவில் ஏதாவது பேச வேண்டுமானால் என்ன செய்வது? அதற்கென்று ஆரஞ்சு நிறத்தில் தனியாக ஒரு பட்டன். 'ஹாட்லைன்' என்று பெயர் வைத்தார்கள். அதை அமுக்கிப் பிடித்தால் பாட்டு தணியும், பெட்டியிலுள்ள மைக் வழியாகப் பேச்சு இருவர் காதிலும் விழும். விரலை எடுத்தால் பாட்டு பழையபடி எழும். அந்தப் பட்டனுக்கு வேறு வேலையே கிடையாது. இவ்வளவு சொகுசாக ஒரு பட்டனை ஒரே வேலைக்கு ஒதுக்கியதை நினைத்தால் இன்றைக்குப் பொறாமையாகத்தான் இருக்கிறது.

ஆனால் அந்தக் காலத்தை ரொம்பவும் புகழ வேண்டாம். பல டேப் ரிக்கார்டர்களில் ஸ்டாப் கட்டையை ஒரு தடவை அழுத்தினால் பாட்டு நிற்கும். நின்ற பிறகு இன்னொரு தடவை அழுத்தினால் மூடி திறந்து கேசட் வெளியே வரும். ஒரு கட்டைக்கு இரண்டு வேலை என்பது அங்கேயே தொடங்கிவிட்டது. மூடி கண்முன்னே திறந்ததால் யாரும் குழம்பவில்லை, அவ்வளவுதான்.

இப்போது சித்தப்பாவின் பெட்டி செய்ய வேண்டிய வேலைகளை எண்ணிப் பாருங்கள். இயக்க வேண்டும், அணைக்க வேண்டும். பாட வேண்டும், நிறுத்த வேண்டும். அடுத்த பாட்டு, முந்தைய பாட்டு, பாட்டுக்குள்ளேயே முன்னே ஓட்டுவது, பின்னே ஓட்டுவது, சத்தத்தைக் கூட்டுவது, குறைப்பது, வரிசை மாற்றிப் பாடுவது, பையில் தெரியாமல் அமுங்கிவிடாமல் பூட்டுவது. பன்னிரண்டு வேலை, ஐந்து பட்டன். ஒவ்வொரு பட்டனுக்கும் கூட்டில் ஒரு துளை வேண்டும், உள்ளே ஒரு சுவிட்ச் வேண்டும், கிளிப் அளவுப் பெட்டியில் இடமும் வேண்டும். அதனால் செய்பவர்கள் பட்டனைக் கூட்டாமல் நேரத்தைக் கூறு போட்டார்கள். தட்டி விட்டால் ஒரு வேலை, பிடித்து வைத்தால் இன்னொன்று, சட்டுச் சட்டென்று இரண்டு தடவை தட்டினால் மூன்றாவது.

உள்ளே நடப்பதைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். பட்டனுக்கு அடியில் குவிந்த மெல்லிய உலோகத் தகடு ஒன்று இருக்கும். அமுக்கினால் அது உள்வாங்கி அடியிலுள்ள முனையைத் தொடும். 'டிக்' என்று விரலுக்குத் தெரிவது அதுதான். அதற்குமேல் எவ்வளவு பலமாக அமுக்கினாலும் பெட்டிக்குத் தெரியாது, தகடு தேய்வதுதான் மிச்சம். தொட்ட உலோகம் உடனே அடங்கி நிற்பதும் இல்லை. சில மில்லி விநாடிகள் துள்ளிவிட்டுத்தான் அடங்கும். அந்தத் துள்ளலையெல்லாம் தனித்தனி அமுக்கலாக எண்ணிவிடக்கூடாது என்பதால், சில்லு சற்றுப் பொறுத்துத்தான் கணக்கெடுக்கும். நாட்பட்ட பிளேயரில் ஒரு தடவை தட்டினால் இரண்டு பாட்டு தாண்டுகிறது என்றால், தகடு தேய்ந்தோ அழுக்கேறியோ துள்ளல் நீண்டுவிட்டது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். விரலில் குற்றமில்லை.

துள்ளல் அடங்கியதும் சில்லு கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்குகிறது. விரல் சீக்கிரம் எழுந்துவிட்டால் அது தட்டல். ஒரு விநாடியோ இரண்டு விநாடியோ தாண்டியும் விரல் எழவில்லை என்றால் அது பிடித்தல். இதுவரை எளிது. சிக்கல் இரட்டைத் தட்டலில் வருகிறது. நீங்கள் ஒரு தடவை தட்டி விரலை எடுக்கிறீர்கள். இவர் ஒன்றோடு நிறுத்துவாரா, இன்னொன்றும் தட்டுவாரா என்று பெட்டிக்கு எப்படித் தெரியும்? தெரியாது. அரை விநாடிக்கு உட்பட்ட ஒரு சின்ன இடைவெளி காத்திருந்து பார்க்கிறது. இரண்டாவது தட்டு வரவில்லை என்ற பிறகுதான் பாட்டை நிறுத்துகிறது.

அந்தச் சின்னக் காத்திருப்பில்தான் ஊரே மாட்டிக்கொள்கிறது. தட்டியதும் பாட்டு நிற்கவில்லை. சரியாக அமுங்கவில்லை போலிருக்கிறது என்று மறுபடி தட்டுகிறோம். பெட்டி அதை இரட்டைத் தட்டல் என்று படித்து அடுத்த பாட்டுக்குப் போகிறது. ஐயோ என்று மூன்றாவதாக ஒன்று தட்டினால், நம் நேரத்தைப் பொறுத்து, புதிய பாட்டு நிற்கிறது அல்லது பழைய பாட்டு திரும்புகிறது. பட்டன் கெட்டுவிட்டது என்று தீர்ப்பு எழுதி அலமாரியில் போட்டுவிடுகிறோம். கை லேசாக நடுங்கும் பெரியவர்களுக்கு இந்தத் தொல்லை இன்னும் கூடுதல். ஒரு தடவை தட்ட நினைத்தாலும் விரல் இரண்டு தடவை பட்டுவிடும்.

சித்தப்பாவுக்கு நான் சொன்னது இதுதான். தட்டுங்க, விரலை எடுத்துடுங்க, மனசுக்குள்ள 'ஒண்ணு' சொல்லுங்க. அதுக்குள்ள ஒண்ணும் நடக்கலேன்னாத்தான் மறுபடி தொடணும். பிடிக்கிற வேலைன்னா விடாம மூணு எண்ணுங்க. தட்டுறதுக்கும் பிடிக்கிறதுக்கும் நடுவுல அரைகுறையா அமுக்குறதுதான் பெட்டியைக் குழப்புது.

"அப்ப பலமா அமுக்க வேண்டாமா?"

வேண்டவே வேண்டாம்.

அடுத்து எந்தப் பட்டன் என்ன செய்யும் என்று பார்த்தோம். அதற்கு முன்னால் ஒரு காரியம்: இயர்போனைக் காதிலிருந்து கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொள்ளச் சொன்னேன். சோதனை செய்யும்போது சத்தம் திடீரென்று உச்சிக்குப் போகலாம். காது அதற்குத் தயாராக இருக்காது.

நடுப் பட்டன் எல்லாப் பெட்டியிலும் ஏறக்குறைய ஒன்றுதான்: தட்டினால் பாட்டு, மறுபடி தட்டினால் நிறுத்தம். பிடித்தால் என்ன ஆகும் என்பதில்தான் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். சிலவற்றில் அணையும், சிலவற்றில் பூட்டிக்கொள்ளும். உங்கள் பெட்டியில் நடுப் பட்டன்மேல் பொடியாக ஒரு மேடு இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். இதற்குச் சர்வதேச நெறியே உண்டு. 2011-இல் வந்த ஐஎஸ்ஓ 24503, கண்ணால் பார்க்காமல் பயன்படுத்துவோருக்காகச் சாதனங்களில் தொட்டறியும் புள்ளியும் கோடும் எங்கே வைப்பது என்று சொல்கிறது. வேலையைத் தொடங்கும் பட்டனுக்குப் புள்ளி. பார்வை இல்லாதவர்களை நினைத்து வந்த ஏற்பாடு, சட்டைப்பைக்குள் கைவிட்டுத் துழாவும் எல்லோருக்கும் உதவுகிறது.

வலது பக்கம் அடுத்த பாட்டு. அதில் மர்மம் இல்லை. இடது பக்கப் பட்டன்தான் பலரையும் ஏமாற்றும். முந்தைய பாட்டுக்குப் போகலாம் என்று தட்டினால், இதே பாட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கும். இது பழுதில்லை. சிடி பிளேயர் காலத்திலிருந்து வரும் வழக்கம். பாட்டு சில விநாடிகளாவது ஓடியிருந்தால், இடது தட்டு அதன் தொடக்கத்துக்குத்தான் கொண்டுபோகும். தொடக்கத்தில் இருக்கும்போதே இன்னொன்று தட்டினால்தான் முந்தையது. நல்ல ஏற்பாடு என்றே சொல்வேன். பல்லவியைத் தவறவிட்டால் மறுபடி கேட்க வேண்டும் என்றுதானே பெரும்பாலும் அந்தப் பட்டனைத் தேடுகிறோம்.

இதே இரண்டு பக்கப் பட்டன்களையும் பிடித்து வைத்தால் என்ன ஆகும் என்பதில் இரண்டு கட்சி இருக்கிறது. ஒரு கட்சியில் பாட்டுக்குள் முன்னே, பின்னே ஓடும். இன்னொரு கட்சியில், குறிப்பாகச் சத்தத்துக்கென்று தனிப் பட்டன் இல்லாத மலிவு பிளேயர்களிலும் புளூடூத் ஸ்பீக்கர்களிலும், சத்தம் கூடும், குறையும். சில பெட்டிகளில் தலைகீழ்: தட்டினால் சத்தம், பிடித்தால் அடுத்த பாட்டு. எது நம்முடையது என்று தெரிய, பிடித்துப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. இயர்போனைக் கழற்றச் சொன்னது இதற்காகத்தான். 'எம்' என்று ஒரு பட்டன் இருந்தால் அது பாட்டைத் தொடாது. மெமரி கார்டு, எஃப்எம், புளூடூத் என்று ஆளை மாற்றும். பாட்டு திடீரென்று நின்று இரைச்சல் கேட்டால், கை அதில் பட்டு எஃப்எம்முக்குப் போயிருக்கிறது.

இந்த வகைப் பெட்டியின் கதையை நன்றாகச் சொல்லக்கூடிய பெட்டி ஒன்று உண்டு. ஆப்பிள் கம்பெனியின் ஐபாட் ஷஃபிள். 2005 ஜனவரியில் வந்த முதல் ஷஃபிள் 22 கிராம். திரை கிடையாது. முன்னால் வட்டமாக ஐந்து பட்டன், பின்னால் மூன்று நிலை உள்ள ஒரு நகர்த்தி: அணைந்த நிலை, வரிசையாகப் பாடும் நிலை, கலைத்துப் பாடும் நிலை. நடுப் பட்டனை மூன்று விநாடி பிடித்தால் பூட்டு. மூன்று தடவை வேகமாகத் தட்டினால் பட்டியலின் முதல் பாட்டு. நேரத்தைப் படிக்கும் பட்டனும், நிலையைக் காட்டும் நகர்த்தியும் ஒரே பெட்டியில். அடுத்த ஆண்டு வந்த இரண்டாவது ஷஃபிள் இன்னும் சிறுத்து, கிளிப்போடு வந்தது. சித்தப்பா மேசையில் வைத்தது அதன் தூரத்துச் சொந்தம் என்று பார்த்தாலே தெரிகிறது.

2009 மார்ச்சில் ஆப்பிள் ஒரு எல்லையைத் தொட்டது. மூன்றாவது ஷஃபிள் 10.7 கிராம், 1,000 பாட்டு கொள்ளும் என்றார்கள், பெட்டியின்மேல் பாட்டை இயக்கும் பட்டன் ஒன்றுகூடக் கிடையாது. மிஞ்சியது நகர்த்தி மட்டும். பட்டன்கள் இயர்போன் ஒயருக்குப் போயின. சத்தம் கூட்ட ஒன்று, குறைக்க ஒன்று, நடுவில் ஒன்று. மற்ற எல்லா வேலையும் அந்த நடுப் பட்டனின் தலையில். ஒரு தடவை தட்டினால் பாட்டு அல்லது நிறுத்தம். இரண்டு தட்டினால் அடுத்தது. மூன்று தட்டினால் முந்தையது. இரண்டு தட்டி, இரண்டாவதில் விரலை எடுக்காமல் பிடித்தால் பாட்டு முன்னே ஓடும். மூன்று தட்டி மூன்றாவதைப் பிடித்தால் பின்னே. ஒரே பிடியாகப் பிடித்தால் பெட்டி பாட்டின் பெயரைச் சொல்லும். இன்னும் பிடித்தால் பட்டியல்களின் பெயரை வரிசையாகச் சொல்லத் தொடங்கும். தந்தி ஆபீசில் வேலை பார்த்தவர்கள் இதைக் கண்ணீர் மல்க வரவேற்றிருப்பார்கள்.

இதில் இன்னொரு வினை. வேறு சாதாரண இயர்போனைச் செருகினால், நகர்த்தியைத் தள்ளியதும் பாட்டு தொடங்கும். அதற்குப் பிறகு நிறுத்தவோ சத்தத்தைக் குறைக்கவோ வழியே இல்லை. பட்டன் ஒயரோடு போய்விட்டதே! ஒயர் அறுந்தால் பெட்டி ஊமை. அடுத்த ஆண்டே, 2010 செப்டம்பரில், நான்காவது ஷஃபிளில் வட்டப் பட்டன்கள் திரும்பி வந்தன. பழைய பட்டன்கள் இல்லாமல் மக்கள் தவித்துவிட்டார்கள் என்பதை ஸ்டீவ் ஜாப்ஸ் மேடையிலேயே ஒப்புக்கொண்டார். பாட்டின் பெயரைச் சொல்வதற்குத் தனியாக ஒரு பட்டன் வைத்தார்கள். தட்டினால் பெயர், இரண்டு தட்டினால் பேட்டரி நிலவரம், பிடித்தால் பட்டியல். 2017 ஜூலையில் விற்பனையை நிறுத்தும்வரை பட்டன் அமைப்பு பெரிதாக மாறவில்லை.

என்னைக் கேட்டால், ஷஃபிளில் சிறந்த உறுப்பு பட்டன் இல்லை, அந்த நகர்த்திதான். பையில் கைவிட்டாலே எந்த நிலையில் இருக்கிறது என்று விரலுக்குத் தெரியும். யாரும் எண்ண வேண்டாம், காத்திருக்க வேண்டாம். கலைத்துப் பாடும் வசதியைப் பட்டன் பிடிப்பில் ஒளித்து வைத்திருக்கும் பிளேயர்களில், அது ஓடுகிறதா இல்லையா என்பதே தெரியாது. ஒரு ராகம் தானம் பல்லவியை மூன்று கோப்பாக ஏற்றிக் கொடுத்திருந்தால், பல்லவி முதலில் வந்து ஆலாபனை கடைசியில் வரும். வித்வானுக்கு என்ன ஆயிற்று என்று யோசித்துக்கொண்டே நடக்க வேண்டியதுதான். சரிகம கம்பெனி 2017-இல் 5,000 பாட்டை உள்ளேயே ஏற்றி விற்கத் தொடங்கிய கார்வான் பெட்டி பெரியவர்களிடையே இவ்வளவு ஓடியதற்குப் பழைய பாட்டு மட்டும் காரணம் என்று நான் நினைக்கவில்லை. பழைய ரேடியோவைப் போலத் திருகும் குமிழ் வைத்தார்கள். திருகுவது எப்படி என்று யாருக்கும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை.

ஆனாலும் மூன்றாவது ஷஃபிளின் தந்தி மொழி சாகவில்லை. இயர்போன் ஒயரில் இன்றைக்கும் ஒன்று, இரண்டு, மூன்று என்ற அதே கணக்குதான். ஒயரே இல்லாமல் காதில் செருகும் இயர்பட் பலவற்றிலும் தட்டலுக்கு அதே பொருள். ஒன்றைப் பழகிவிட்டால் பத்துப் பெட்டிக்கு உதவும்.

ஒயரிலுள்ள பட்டன் வேலை செய்யவில்லை என்றால் முதலில் அதன் பின்னைப் பாருங்கள். உலோகத்தில் இரண்டு வளையக் கோடு இருந்தால் அது பாட்டுக்கு மட்டுமான பின். பட்டனின் சேதி போக வழியே இல்லை. மூன்று கோடு இருந்தால்தான் மைக்குக்கும் பட்டனுக்கும் பாதை உண்டு. அந்த ஒரே பாதையில் மூன்று பட்டனின் சேதியும் எப்படிப் போகிறது? ஒவ்வொரு பட்டனுக்கும் வெவ்வேறு மின்தடை. ஆண்ட்ராய்டு போன்களுக்கான வரையறையில், நடுப் பட்டனை அமுக்கினால் மைக் பாதை நேரடியாகத் தரைமுனையோடு சேரும், அதாவது 0 ஓம். சத்தம் கூட்ட 240 ஓம், குறைக்க 470. போன் அந்த எண்ணை அளந்து எந்தப் பட்டன் என்று கண்டுபிடிக்கிறது. ஆப்பிள் சத்தப் பட்டன்களுக்கு வேறு முறை வைத்திருப்பதால், அந்தக் கம்பெனி இயர்போனை இந்தப் போனில் செருகினால் நடுப் பட்டன் கேட்கும், சத்தப் பட்டன்கள் கேட்காது. வியர்வையும் இந்தக் கணக்கில் புகுந்துகொள்ளும். நடக்கும்போது ஒயர் ஈரமாகி மைக் பாதைக்கும் தரைமுனைக்கும் நடுவில் நீர் கசிந்தால், யாரும் தொடாமலே பாட்டு நிற்கும், தாண்டும். துடைத்து உலர வைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

'ஏ-பி' என்று ஒரு பட்டன் சில பிளேயர்களில் கிடக்கும். பாட்டு கற்பவர்கள் வீட்டில் இருந்தால் அதைக் காட்டிக் கொடுங்கள். சங்கதி தொடங்கும் இடத்தில் ஒரு தட்டு, முடியும் இடத்தில் ஒரு தட்டு. அந்தத் துண்டு மட்டும் திரும்பத் திரும்ப ஓடும். மூன்றாவது தட்டில் விடுதலை. பாட்டு திரும்பத் திரும்ப ஓரிடத்திலேயே சுற்றுகிறது என்று யாராவது புகார் சொன்னாலும் அந்தப் பட்டனில்தான் கை பட்டிருக்கும்.

எதை அமுக்கினாலும் ஒன்றும் நடக்கவில்லை என்றால் கடைக்கு ஓடுவதற்கு முன் பார்க்க வேண்டியவை கொஞ்சம் உண்டு. பூட்டிக்கொண்டிருக்கலாம். பக்கவாட்டில் 'ஹோல்டு' என்று நகர்த்தி இருந்தால் மறுபக்கம் தள்ளுங்கள். இல்லையென்றால் நடுப் பட்டனை மூன்று எண்ணும்வரை பிடித்துப் பாருங்கள். ஷஃபிள் மாதிரி விளக்கு இருந்தால் அது நிறம் காட்டிச் சொல்லும்: இரண்டாவது ஷஃபிளில் பூட்டினால் ஆரஞ்சு, திறந்தால் பச்சை. அடுத்தது சார்ஜ். பாட்டை நிறுத்தியே வைத்திருப்பது அணைத்ததாக ஆகாது. சில பெட்டிகள் தானே அணையும், சில இரவெல்லாம் விழித்திருந்து பேட்டரியைத் தின்னும். அரை மணி நேரம் சார்ஜில் போட்டுவிட்டு அப்புறம் தொடுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் உள்ளே நிரல் எங்கேயோ சிக்கி நிற்கிறது. நகர்த்தி உள்ள ஷஃபிளில் அதை அணைத்து, பத்து விநாடி விட்டு மறுபடி தள்ளினால் போதும். மற்றவற்றில் குண்டூசி நுழையும் அளவுக்குத் துளை வைத்திருப்பார்கள். உள்ளே இருக்கும் பட்டனை ஒரு தடவை மெதுவாக அமுக்கி எடுத்தால் பெட்டி புதிதாக எழுந்துகொள்ளும். பக்கத்தில் 'ரீசெட்' என்று எழுதியிருந்தால் மட்டும்தான் குண்டூசி. எழுத்து இல்லாத துளை மைக்காக இருக்கும். குத்திவிட்டால் அப்புறம் குரல் பதிவு என்று ஒன்று அந்தப் பெட்டியில் கிடையாது.